ழூவோ-துப்ரேய்: போதிகையில் காலம் படித்த பேராசிரியர்

காப்ரியேல் ழூவோ-துப்ரேய் (1885–1945) சைகோனில் பிறந்த பிரெஞ்சுக்காரர்; பாரிஸ் பல்கலைக்கழக முனைவர்; புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர். தென்னிந்தியக் கோயில் கலையைக் காலவரிசையில் நிறுத்திய முன்னோடிகளில் ஒருவர். கட்டடக் கலைக்கு ஒன்று, திருவுருவங்களுக்கு ஒன்று என இரு தொகுதிகளாக அவர் எழுதிய பெருநூல் 1914இல் பாரிசில் வெளியானது. அதன் முதல் பகுதி 1917இல் சென்னையில் ஆங்கிலத்தில் வந்தது, பதிப்பித்தவர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார்.

கல்வெட்டில்லாத கோயிலின் வயதை எப்படி அறிவது? தூணின் தலையிலுள்ள போதிகையைப் பாருங்கள் என்றார் அவர். பல்லவர் போதிகை வளைந்திருக்கும். சோழர் காலத்தில் அது கோணமாக வெட்டப்பட்டது. விஜயநகரக் காலத்தில் பூமொட்டாகத் தொங்கியது. கூரை விளிம்பிலுள்ள கூடு எனும் வளைவு அலங்காரமும் அப்படியே: பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டி வடிவம், சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம். இந்த மாற்றங்களைக் கொண்டே பல்லவர் முதல் மதுரை நாயக்கர் வரை ஐந்து கட்டங்களை வகுத்தார். முதலாம் இராசேந்திரன் காலத்தில் எழுந்த திருவொற்றியூர்த் தூங்கானைமாட (பின்புறம் அரைவட்டமாக வளைந்த) கருவறை அவற்றில் இரண்டாவதைச் சேரும். அரசர் பட்டியலை மட்டும் நம்பாமல் சிற்பியின் உளி சொல்வதையும் அவர் கேட்டார். அவருடைய பணியின் அழியாத பகுதி இதுவே.

ஓவியங்களில் ஓரிடத்தில் சறுக்கினார். து. அ. கோபிநாத ராவ் கண்டறிந்து சொன்ன சித்தன்னவாசல் ஓவியங்களை பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுக்கு உரியவை என எழுதினார். மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் திருப்பணியைக் கூறும் பாண்டியர் கல்வெட்டு, அவற்றை ஒன்பதாம் நூற்றாண்டுக்கு நகர்த்தியது. ஆனால் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் 1931இல் அவர் கண்ட ஓவியங்கள் பல்லவருடையவைதாம்.

1937இல் புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த, உருவம் செதுக்கிய மணிக்கல் ஒன்று அவர் கவனத்தை ரோம வணிகத்தின் பக்கம் திருப்பியது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார்.

அவர் வாழ்க்கையில் மன்னிக்கக் கடினமான பக்கமும் உண்டு. 1920களின் நடுவில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் அவர் திரட்டிய பத்தாம் நூற்றாண்டு யோகினிச் சிலைகள், பாரிஸ் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூ வழியாக வெளிநாடு போயின. ஒரே கோயிலின் தேவியர் இன்று லண்டன், பாரிஸ், வாஷிங்டன், டொராண்டோ அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கிறார்கள். எந்தச் சிலை யாருக்கு அருகே அமர்ந்திருந்தது என்பதைக் காட்டும் அடித்தளம் இல்லை. கலையின் காலத்தைத் தேடிய அறிஞரே அதன் இடத்தைக் கலைத்துவிட்டார்.