வங்கத்து மெல்லாடை

கோடையில் நாம் உடுக்கும் மல் வேட்டியும், சன்னலில் காற்றுக்கு அசையும் மெல்லிய திரைச்சீலையும், மகளிர் விரும்பி அணியும் ஜம்தானிச் சேலையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 'மல்' என்பது 'மல்மல்' என்னும் வடநாட்டுச் சொல்லின் சுருக்கம். மேனாட்டார் இத்துணியை மஸ்லின் என்றனர். மோசுல் என்னும் இராக் நகரின் பெயரிலிருந்து அச்சொல் பிறந்தது என்பர். பெயர் எவ்வாறாயினும், இதன் தலைசிறந்த வகை தோன்றிய இடம் கிழக்கு வங்கத்து டாக்கா வட்டாரமே.

நுண்ணாடை நெய்யும் கலை தமிழருக்கும் புதியதன்று. சிறந்த பருத்தியாடை கிடைக்கும் இடங்களை எண்ணும் அர்த்தசாஸ்திரம் வங்கத்தோடு மதுரையையும் சேர்த்துச் சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல் கங்கைக்கரை மஸ்லினையும் அர்காரு மஸ்லினையும் குறிப்பிடுகிறது. அர்காரு என்பது உறையூரே என்பது அறிஞர் கருத்து. ஆயினும், பிற்காலத்தில் டாக்கா அடைந்த நுட்பத்தை வேறெந்த ஊரும் அடையவில்லை.

அதன் காரணத்தை முதலில் ஆற்றங்கரையில் தேடவேண்டும். மேகனா நதிக்கரையில் 'ஃபுட்டி கார்பாஸ்' என்னும் பருத்தி விளைந்தது. அதன் இழை குட்டையானது, இயந்திரத்துக்கு ஏலாதது. வாளைமீனின் தாடையெலும்பைச் சீப்பாகக் கொண்டு அதைச் சிக்கெடுத்தனர். நூற்றவர்கள் கண்கூர்மை மிக்க இளம் பெண்கள். வெயில் ஏறினால் இழை அறும் என்பதால், காற்றில் ஈரமுள்ள விடியற்காலையிலும் மாலையிலுமே கதிரைச் சுழற்றினர். வறண்ட நாட்களில் அருகில் நீர்ப்பாத்திரம் வைத்துக்கொண்டனர். மிக நுண்ணிய நூலாயின், நாள்தோறும் காலைப்பொழுதில் நூற்றாலும் திங்களுக்கு அரைத் தோலா, அதாவது ஏறக்குறைய 6 கிராம்தான் தேறும். டாக்காவில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் டெய்லர் இவற்றையெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார்.

இவ்வாறு பிறந்த துணிக்கு 'ஓடும் நீர்' என்று பொருள்படும் ஆப்-இ-ரவான் என்றும், 'பனித்துளி' என்று பொருள்படும் ஷப்னம் என்றும் முகலாயர் காலத்தில் பெயரிட்டனர். பேரரசருக்கென நெய்யப்பட்டது மல்மல் காஸ்.

அத்தகைய கலை எவ்வாறு அழிந்தது? ஆங்கிலேயர் நெசவாளரின் கட்டைவிரலை வெட்டினர் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. ஆனால் 1772-இல் வில்லியம் போல்ட்ஸ் எழுதியது வேறு: பட்டுநூல் சுற்றுவோர், கட்டாய வேலைக்கு அஞ்சித் தம் விரலைத் தாமே வெட்டிக்கொண்டனர் என்கிறார். உண்மை கதையைவிடக் கொடியது. கும்பெனியார் முன்பணம் கொடுத்து நெசவாளரைக் கட்டிப்போட்டு, விலையைத் தாமே குறித்தனர். 1779-இல் கிராம்டன் அமைத்த நூற்பு இயந்திரம் இங்கிலாந்திலேயே மெல்லிய நூல் கிடைக்கச் செய்தது. இந்தியத் துணி மீது அங்கே கடுஞ்சுங்கம் விழுந்தது. 1817-இல் டாக்காவிலிருந்த கும்பெனியின் வாணிக நிலையம் மூடப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் ஆங்கில ஆலைநூல் டாக்காத் தறியிலேயே ஏறிற்று.

நெசவாளர் பலர் ஆலைநூலைக் கொண்டு பிழைத்தனர். நூற்ற பெண்களுக்கோ அந்த வழியும் இல்லை. அவர்களுடைய நூலை வாங்குவாரில்லை. ஆகவே அப்பருத்தியை விதைப்பாருமில்லை. கத்தியின்றி, இரத்தமின்றி, ஒரு செடியும் ஓர் அறிவும் ஒருங்கே மறைந்தன. அப்பெண்களின் பெயர் ஒன்றையேனும் நாம் அறியோம்.

ஜம்தானி மட்டும் நிலைத்தது. 1947-க்குப் பின் எல்லை கடந்த நெசவாளர் நதியா மாவட்டத்து ஃபுலியாவிலும் சாந்திப்பூரிலும் தறியை மீண்டும் நாட்டினர். 2013-இல் யுனெஸ்கோ டாக்கா ஜம்தானி நெசவை மனிதகுல மரபுச்செல்வமாக ஏற்றது. வங்கதேச ஆராய்ச்சியாளர் பழந்துணியின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பருத்தியைத் தேடிக் கண்டு, பெண்களுக்கு நூற்கப் பயிற்சி தந்து, 2020-ஆம் ஆண்டளவில் சில மஸ்லின் சேலைகளை நெய்து முடித்தனர்.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. கைத்திறன் மனிதரோடு எல்லை கடக்கும். ஆற்றின் ஈரமும் மண்ணின் விதையும் கடக்கமாட்டா. அடுத்த முறை மல் துணியைக் கையில் எடுக்கையில், நெய்தவரோடு, விடியுமுன் எழுந்து நூற்றவளையும் நினைவோமாக.