மாச்சா: மருந்தாக வந்த பச்சைத் தேயிலை



1214ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, யப்பான் நாட்டின் கமக்குரா நகரில், ஷோகன் என்னும் படைத்தலைவர் பட்டம் தாங்கிய மினமோத்தோ சனெத்தோமோ உடல்நலங் குன்றிக் கிடந்தான். அவன் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞன். நோயும் பெரிதன்று, முதல்நாள் இரவு விருந்திலே அளவு மீறி மது அருந்தியதன் விளைவே அது. அவனுக்காக வழிபாடு செய்ய வந்திருந்த எய்சாய் என்னும் பௌத்தத் துறவி, மருந்து இதுவே எனக் கூறித் தம் மடத்திலிருந்து ஒரு கிண்ணந் தேநீரை வருவித்து அளித்தார். அதனுடன், தேயிலையின் பெருமையை விளக்கித் தாம் இயற்றிய நூல் ஒன்றையும் கொடுத்தார். 'அசுமா ககாமி' என்னும் பழைய வரலாற்றேடு இந்நிகழ்ச்சியைப் பதிந்து வைத்திருக்கின்றது.

அந்தக் கிண்ணத்தின் வழிவந்ததே, இன்று உலகின் பெருநகரங்களிலெல்லாம் 'மாச்சா' என்ற பெயரால் விலைபோகும் பச்சைத் தேயிலைத் தூள். இளமையைத் தரும், கொழுப்பைக் கரைக்கும், புற்றுநோயைத் தடுக்கும் என அதனை விற்போர் பலவாறு புகழ்கின்றனர். இப்புகழ்ச்சியுள் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு? இவ்வினாவுக்கு விடை காண அதன் வரலாற்றையும் உள்ளடக்கத்தையும் ஒருசேர நோக்குதல் நலம்.

தேயிலையைத் தூளாக்கி வெந்நீரில் அடித்துக் கலக்கி அருந்தும் முறை யப்பானிலே தோன்றியதன்று. சீனத்திலே, சொங் வமிசத்தார் காலத்தில் ஓங்கியிருந்தது. அவ்வமிசத்துப் பேரரசருள் ஒருவரான ஹுய்சோங் 1107ஆம் ஆண்டளவில் தேயிலை பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார் என்றால், அம்முறைக்கிருந்த மதிப்பு விளங்கும். பின்னர், 1391ஆம் ஆண்டில், மிங் வமிசத்தின் முதற் பேரரசர் ஹொங்வு, அரண்மனைக்குத் திறையாக வந்த தேயிலைக் கட்டிகளை நிறுத்தி, இலையாகவே அனுப்புமாறு ஆணையிட்டார். இலையை வெந்நீரில் ஊறவிட்டு வடிக்கும் வழக்கமே சீனத்திற் பரவியது. தூளை அடித்துக் கலக்கும் பழக்கம் பிறந்த நாட்டில் மங்கி, புகுந்த நாட்டிலே நிலைத்தது.

யப்பானுக்குத் தேநீர் முன்னரே அறிமுகமானதுதான். 815ஆம் ஆண்டில் சாகா பேரரசருக்குத் துறவி ஒருவர் தேநீர் அளித்த செய்தி ஏட்டில் உண்டு. ஆயினும் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. 1191ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து திரும்பிய எய்சாய், சென் பௌத்த நெறியுடன் தேயிலை விதைகளையும் கொணர்ந்தார் என்பர். அவற்றுட் சிலவற்றை மியோயே என்னும் துறவிக்கு அளித்தார் என்றும், அவர் கியோத்தோவுக்கு அண்மையிலுள்ள மலைக்கோயிலிற் பயிரிட்டார் என்றும், அங்கிருந்தே ஊஜி என்னும் ஊருக்குத் தேயிலை சென்றதென்றும் மரபு கூறும். ஊஜி இன்றும் மாச்சாவுக்குப் பேர்போன இடமாகும்.

எய்சாய் 1211ஆம் ஆண்டில் எழுதிய நூலின் பெயர் 'கிசா யோஜோகி'. தேநீர் அருந்தி உடலைப் பேணுதல் பற்றியது அது. ஐந்து உள்ளுறுப்புக்களுக்கும் ஐந்து சுவைகள் உரியன; இதயத்துக்குரியது கைப்பு; நம்மவர் கைப்புண்பதில்லை; ஆதலால் இதயம் நலிகின்றது; அக்குறையைத் தேநீர் போக்கும் என்பது அவர் வாதம். பாகற்காயையும் வேப்பம்பூவையும் உணவிற் சேர்க்கும் நமக்கு இவ்வாதம் புதுமையாகத் தோன்றாது. இக்கால உடலியல் இதனை ஏற்காது. ஆயினும் ஓர் உண்மை இங்குண்டு: தேநீர் முதலில் இன்பப் பானமாகவன்றி மருந்தாகவே மதிக்கப்பட்டது. தியானத்தில் அமரும் துறவிகள் துயில் நீங்கி விழித்திருக்க அது துணைபுரிந்தது. 16ஆம் நூற்றாண்டிலே சென் நோ ரிக்கியூ (1522–1591) தேநீர் விருந்தை எளிமையும் அமைதியும் வாய்ந்த ஒரு கலையாக வகுத்தார். மருந்து, கலையாயிற்று.

இனி, மாச்சா எங்ஙனம் ஆக்கப்படுகின்றது என்று பார்ப்போம். கொழுந்து பறிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன்னரே செடிகளின் மேல் பந்தலிட்டு வெயிலை மறைப்பர். முற்காலத்தில் நாணற் பாயும் வைக்கோலும் இதற்குதவின. ஒளி குறையவே இலை பச்சையத்தை மிகுதியாக ஆக்கிக் கடும் பச்சை நிறம் பெறும். கொழுந்திலுள்ள தீயனின் என்னும் அமினோ அமிலம் வெயிலிற் கற்றெச்சின் எனப்படும் துவர்ப்புப் பொருளாக மாறுவது. நிழலில் அம்மாற்றம் தடைப்படும். ஆதலால் துவர்ப்புக் குறைந்து இன்சுவை மிகும். பறித்த கொழுந்தை உடனே ஆவியில் அவித்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திரிகையில் அரைப்பர். நம் பாட்டிமார் பயறு உடைத்த திரிகை போன்றதே அது. ஆனால் மிக மெதுவாகச் சுழலும். ஒரு மணி நேரம் அரைத்தால் நாற்பது கிராம் அளவே கிடைக்கும்.

நம் மலையகத்திலே 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தோட்டப் பயிராக வளர்க்கத் தொடங்கியதும் இதே இனச் செடிதான். வேறுபாடு பக்குவத்தில் உள்ளது. நம் தொழிற்சாலைகளிற் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விடுகின்றனர். அப்போது ஒட்சியேற்றம் நிகழ்ந்து கற்றெச்சின்கள் வேறு பொருள்களாக மாறி, இலை கருமை பெறுகின்றது. பச்சைத் தேயிலையை ஆவியில் அவிப்பதால் அவை மாறாது நிற்கின்றன. நாம் அறிந்த தூள் தேயிலை வேறு, மாச்சா வேறு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இவ்விலையின் உட்பொருளை அறிவியல் முறையில் ஆராய்ந்தோருள் தலைசிறந்தவர் மிச்சியோ சுஜிமுரா (1888–1969) என்னும் பெண்மணி. பெண் மாணவரைச் சேர்க்காத பல்கலைக்கழகமொன்றிலே ஊதியமில்லாத உதவியாளராகத் தம் ஆராய்ச்சி வாழ்வைத் தொடங்கியவர் அவர். 1924ஆம் ஆண்டில் மசத்தாரோ மியூராவுடன் சேர்ந்து, பச்சைத் தேயிலையில் விற்றமின் சி உண்டு எனக் கண்டார். 1929இல் அதன் துவர்ப்புக்குரிய கற்றெச்சினைப் பிரித்தெடுத்தார். 1932இல் யப்பானின் முதல் பெண் விவசாயக் கலாநிதியானார். தீயனின் 1949ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது.

மாச்சாவின் சத்துக்களை யப்பானிய அரசின் உணவுப் பகுப்பாய்வு அட்டவணை காட்டுகின்றது. நூறு கிராம் தூளிற் புரதம் ஏறத்தாழ 30 கிராம், நார்ப்பொருள் 38 கிராம், விற்றமின் சி 60 மில்லிகிராம், கபேயின் 3.2 கிராம். இவ்வெண்களைக் கண்டு வியப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நூறு கிராமை எவரும் ஒருங்கே அருந்துவதில்லை. ஒரு கிண்ணத்துக்கு வேண்டுவது இரண்டு கிராமே. அக்கணக்கின்படி ஒரு கிண்ணத்திற் கிடைக்கும் விற்றமின் சி ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். நார்ப்பொருள் ஒரு கிராமுக்கும் குறைவு. நம் முற்றத்துக் கொய்யாப்பழம் ஒன்று அதனினும் நூறு மடங்குக்கு மேலான விற்றமின் சியைத் தரும். ஆகவே சத்துணவாகக் கொள்ளத்தக்கதன்று மாச்சா.

எனினும் அதற்கெனச் சில சிறப்புக்கள் உள. ஊறவைத்து வடித்த தேநீரில் நீரிற் கரையாத பொருள்கள் சக்கையோடு கழிந்துபோகும். மாச்சாவிலோ முழு இலையும் உட்செல்கின்றது. ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய 64 மில்லிகிராம் கபேயின் உண்டு. சோர்வை நீக்கி விழிப்பைத் தருவது அதுவே. தீயனினும் கபேயினும் சேர்ந்து மனத்தை ஒருமுகப்படுத்துகின்றன எனச் சிறு அளவிலான ஆய்வுகள் சில காட்டியுள்ளன. துறவிகளின் அனுபவத்துக்கு இஃது இயைபுடையதே.

கற்றெச்சின் பற்றி ஒரு செய்தி பரவலாக வழங்குகின்றது. மாச்சாவில் ஏனைய பச்சைத் தேயிலையினும் 137 மடங்கு மிகுதி என்பர். 2003ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் மாச்சாவை ஒரேயொரு வணிகத் தேயிலையோடு ஒப்பிட்டுப் பெற்ற எண் அது. அதே கட்டுரையில், பிற ஆய்வுகளிற் கண்ட மிக உயர்ந்த அளவோடு ஒப்பிட்டால் மும்மடங்கேனும் இருக்கும் என்றே அவர்கள் எழுதினர். வணிகர்கள் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு சிறிய எண்ணை விட்டுவிட்டனர்!

நோய் தடுக்கும் ஆற்றல் பற்றி யாது கூறலாம்? யப்பானின் மியாகி மாகாணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் அருந்தியவருள், ஒரு கோப்பைக்கும் குறைவாக அருந்தியவரினும் இதய, குருதிக்குழாய் நோய்களால் இறந்தோர் குறைவு; ஆண்களில் 22 வீதமும் பெண்களில் 31 வீதமும் குறைந்திருந்தது. புற்றுநோய் மரணத்தில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இவர்கள் அருந்தியது பெரும்பாலும் வடித்த தேநீரே. மேலும், இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது.

இனி எச்சரிக்கை. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பு முதலிய தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைப் பெரிதுந் தடுக்கும். கறுப்புத் தேயிலைக்கும் இது பொருந்தும். சோறுண்ட கையோடு தேநீர் பருகும் நம் வழக்கம், இரத்தசோகையுள்ள பெண்களுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் தீங்கே. உணவுக்குப் பின் ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்துதல் நன்று. கருவுற்றவர் கபேயின் அளவையும் கருத்திற் கொள்ள வேண்டும். மாச்சாவில் விற்றமின் கே மிகுதியாதலால், குருதி உறையாதிருக்க வார்பரின் என்னும் மருந்தை உண்போர் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடங்கலாகாது. பச்சைத் தேயிலைச் சாற்றைச் செறிவாக்கிய குளிகைகள் ஈரலுக்கு ஊறு செய்யக்கூடும் என 2018ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை எச்சரித்தது. சீனியும் பாலும் பெய்து விற்கும் மாச்சாப் பானத்தில், முதலிற் கவனிக்க வேண்டியது சீனியையே.

நேயர்களே, எய்சாய் அளித்த கிண்ணம் அந்த இளம் ஷோகனின் தலைக்கனத்தைப் போக்கியிருக்கலாம். ஆனால் அவனது ஆயுளை நீட்டவில்லை. 1219ஆம் ஆண்டில், கமக்குராவின் கோயில் வாயிலில், உறவினன் ஒருவனின் வாளுக்கு அவன் இரையானான். தேநீர் காக்கக்கூடியவை சில, காக்க முடியாதவை பல. விழிப்பையும் ஓய்வையும் ஒருங்கே தரும் நல்ல பானமென அதனை அருந்துவோம். மருந்தை மருத்துவரிடமும், சத்தை நம் உணவிலும் தேடுவோம்.