நான்கு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம்

1941 டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது நமக்குப் பள்ளிக்கூடப் பாடம். அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஹவாயின் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. அங்கே அப்போது 7ஆம் தேதி, ஞாயிறு காலை. 2,403 அமெரிக்கர்கள் இறந்தார்கள். பசிபிக் கடற்படைத் தளபதி அட்மிரல் ஹஸ்பண்ட் கிம்மலின் பெயரும் அன்றோடு கெட்டது.

கிம்மல் 1904இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் தேறியவர். கடும் உழைப்பாளி. கப்பல்களை ஹவாயில் நிறுத்துவது சரியில்லை என்று அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் வாதாடிய ரிச்சர்ட்சனின் பதவி போக, அந்த நாற்காலி 1941 பிப்ரவரியில் இவருக்கு வந்தது. தனக்கு மூத்தவர்கள் பலரைத் தாண்டி, நான்கு நட்சத்திரத்தோடு.

நவம்பர் 27 அன்று வாஷிங்டன் போர் எச்சரிக்கை அனுப்பியது. தாக்குதல் நடக்கக்கூடிய இடங்களாக அதில் இருந்தவை பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, கிரா தீபகற்பம், போர்னியோ. அதாவது நம்ம பக்கம். ஹவாய் பெயரே இல்லை. பேர்ல் ஹார்பரை ஐந்து பகுதியாகப் பிரித்து, எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று தோக்கியோ தன் தூதரகத்திடம் கேட்ட ரகசியச் செய்தியை வாஷிங்டன் உடைத்துப் படித்திருந்தது. கிம்மலுக்கு அது போகவில்லை.

அதுக்காக அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை வந்த பிறகும் தொலைதூர விமானக் கண்காணிப்பை முழுதாக நடத்தவில்லை. விமானம் போதவில்லை என்பது அவர் வாதம்.

பத்தே நாளில் பதவி போய், இரண்டு நட்சத்திரத்துக்கு இறங்கினார். ராபர்ட்ஸ் ஆணையம் 1942 ஜனவரியில் கடமை தவறியவர் என்றது. 1946இல் காங்கிரஸ் விசாரணைக் குழு, அது கணிப்புப் பிழை, கடமை தவறல் இல்லை என்றது. ஆனா முதல் தீர்ப்புதான் ஊர் மனதில் நின்றது. இதற்கிடையில் பிலிப்பைன்ஸில், பேர்ல் ஹார்பர் செய்தி கிடைத்துப் பல மணி நேரம் ஆன பிறகும் விமானங்களைத் தரையிலேயே பறிகொடுத்த மெக்கார்தருக்கு, 1942இல் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது!

பொறியியலில் விபத்து நடந்தால், பொத்தானை அழுத்தியவர் யார் என்பதோடு விசாரணையை முடிக்கக்கூடாது. எச்சரிக்கை மணி அவர் அறைவரை ஏன் கேட்கவில்லை என்றும் பார்க்கணும். கிம்மலை நீக்கியதால் இரண்டாவது கேள்வியை வாஷிங்டன் தள்ளிப்போட முடிந்தது. போர் நடக்கும்போது அது வசதிதான்.

அவர் 1968இல் இறந்தார். 1999இல் அவருடைய நான்கு நட்சத்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லி செனட் 52–47 என்று வாக்களித்தது. கிளின்டன், புஷ், ஒபாமா, யாருமே தரவில்லை.