சுவரே பேரேடு

தரவுத்தளம் என்றதும் தனி அறையில் இயங்கும் வழங்கிக் கணினியே நம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் மென்பொருளில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹிப், வழங்கி நின்றால் மென்பொருளும் முடங்குவதைக் கண்டார். 2000இல் அவர் வெளியிட்ட எஸ்கியூலைட்டில் அட்டவணைகள் ஒரே கோப்பாக, செயலியின் உடனேயே இருக்கும்.

ஏடுகளைப் பயன்படும் இடத்திலேயே வைக்கும் இக்கருத்தின் பழைய வடிவத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் காண்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், குடவோலை விதிகளைச் சபை மண்டபச் சுவரிலேயே பொறித்தனர். குடும்புகள் 30. கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்படுவர். ஒவ்வொன்றும் பெயர்களைச் சலித்தெடுக்கும் நிபந்தனை. அது பிரமதேய ஊர்; எல்லோருக்கும் இடமில்லை என்பதையும் அதே நிபந்தனைகள் சொல்லிவிடுகின்றன.

30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு இரண்டே ஆண்டில் 35 முதல் 70 ஆயிற்று. ஆனால் பழைய கல்வெட்டை அழிக்கவில்லை. இன்றைய கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் முந்தையது மறைந்துவிடும். அதைக் காக்க நிரலாளர் தனி அட்டவணை அமைக்க வேண்டும். உத்திரமேரூரிலோ, விதி மாறியதற்கு ஆயிரம் ஆண்டு கடந்தும் சுவரே சாட்சி.