நெற்களஞ்சியமும் நம்ம அடுப்படியும்

நான் பத்தாவது வரை படித்தவள். மலருக்கு ஏதாவது வரலாறு எழுதுன்னு தலைவி அக்கா சொன்னாங்க. செஞ்சியில பொறந்து செஞ்சியிலயே வாழ்க்கைப்பட்டவளுக்கு வரலாறுன்னா கோட்டைதானே முதல்ல ஞாபகம் வரும். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆனா ராஜா தேசிங்கு கதை இல்லை, சாப்பாட்டுக் கதை.

ராஜகிரி அடிவாரத்துல கல்யாண மஹாலைப் பார்க்க எல்லாரும் போறோம். அதே வளாகத்துல பெரிய நெற்களஞ்சியம் இருக்கு, உடற்பயிற்சிக் கூடமும் இருக்கு. 1690-லிருந்து 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகார் கான் இந்தக் கோட்டையை முற்றுகை போட்டார், உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தார். அத்தனை வருஷம் ஒரு கோட்டை தாக்குப் பிடிக்கணும்னா பீரங்கி மட்டும் போதாது. தானியம் வேணும், சுனையில தண்ணி வேணும், மலை ஏறி இறங்க உடம்புல தெம்பு வேணும். 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல செஞ்சிக் கோட்டை சேர்ந்த பிறகு வெளியூர் ஆட்கள் நிறைய வர்றாங்க. அந்தக் களஞ்சியத்து நெல்லை யார் குத்தினாங்க, யார் புடைச்சாங்கன்னு மட்டும் யாரும் கேக்கறதில்லை.

நம்ம பாட்டிமார் காலத்துக்கு வருவோம். செஞ்சி வட்டாரம் பாதி மானாவாரி பூமி. மல்லாட்டை, கம்பு, கேழ்வரகு, ஏரிப் பாய்ச்சல் இருக்கிற இடத்துல நெல்லு. காலையில கூழு, ராத்திரிக்குக் களியும் கீரைக் கடைசலும். அரிசிச் சோறு தீபாவளி பொங்கலுக்குத்தான்னு எங்க அத்தை (மாமியார்) சொல்லுவாங்க. அதை அவங்க பெருமையா சொல்லல, வறுமையாத்தான் சொன்னாங்க. இதை நாம மறக்கக் கூடாது. அந்தக் காலத்துச் சாப்பாடே சாப்பாடுன்னு இன்னிக்கு மேடையில பேசறவங்க, அந்தக் காலத்துல பொம்பளைங்க கடைசியா சாப்பிட்டு, பல நாள் சட்டியைத்தான் வழிச்சாங்கங்கறதைச் சொல்றதில்லை.

2008-ல ரேஷன்ல ஒரு ரூபாய் அரிசி வந்தது, 2011-லிருந்து விலையில்லா அரிசி. அதே 2011-ல மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் கொடுத்தாங்க. வீட்டுல பசி போச்சு. நாங்க அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் முதுகு வளைக்கிறதும் போச்சு. இதுக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குனிஞ்சு நிமிர்ந்து அரைச்சா இடுப்புக்கு நல்லதுன்னு சொல்ற ஆம்பளைங்க ஒரு வாரம் அரைச்சுக் காட்டட்டும். ஆனா கணக்கு ஒண்ணு மாறிடுச்சு. தட்டுல மூணு வேளையும் வெள்ளைச் சோறு, இட்லி, தோசை. உடம்பு அசையறது பாதியாச்சு. சாயந்தரம் சீரியல் பாத்துக்கிட்டே டீயும் பிஸ்கட்டும்.

அதுக்கப்புறம்தான் சுகரும் பிரஷரும் பணக்காரங்க வியாதின்னு சொன்ன பேச்சு நம்ம தெருவுல செத்துப் போச்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வு 2023-ல வெளிவந்தது, அதுல நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சர்க்கரை நோய்னு சொன்னாங்க. எங்களுக்கு அந்தக் கணக்கு சங்கத்து நோட்டுலயே தெரிஞ்சது. முன்னெல்லாம் உள்கடன் கேட்டா கறவை மாடு, விதை மல்லாட்டை, பிள்ளைங்க ஃபீஸ்னு காரணம் எழுதுவோம். அப்புறம் அப்புறம் ‘மருத்துவச் செலவு’ன்னு எழுதற பக்கம் கூடிக்கிட்டே போச்சு. மாடு வாங்கின கடன் பாலாத் திரும்பி வரும். கால் புண்ணுக்கு வாங்கின கடன் எப்படித் திரும்பும்?

நம்ம சங்கத்தோட வரலாறையும் இங்க ரெண்டு வரியில சொல்லிடறேன். 1989-ல தர்மபுரி மாவட்டத்துல, ஐ.நா.வோட வேளாண் வளர்ச்சி நிதி உதவியோட முதல் குழுக்கள் ஆரம்பமாச்சு. 1991-92-ல சேலத்துக்கும் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. 1997-98-ல மகளிர் திட்டம் வந்தது. சேமிப்புக்குன்னு ஆரம்பிச்ச கூட்டம்தான். ஆனா வாராவாரம் பன்னெண்டு, பதினஞ்சு பேர் ஒண்ணா உக்காருவோம், ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கேள்வி கேப்போம். அந்தப் பழக்கம்தான் பின்னாடி உடம்புக்கும் உதவிச்சு.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆரம்பிச்சாங்க. வீடு வீடாப் போய் பிரஷர், சுகர் பாத்து மாத்திரை கொடுக்கற தன்னார்வலர்களைச் சுய உதவிக் குழுப் பெண்கள்லேருந்தே எடுத்தாங்க. அந்தத் திட்டத்துக்கு 2024-ல ஐ.நா. விருது கிடைச்சுது. எங்க அத்தைக்குப் பிரஷர் இருக்கறதே எங்க தெருவுக்கு வர்ற தன்னார்வலர் தங்கச்சி திண்ணையில உக்காந்து கையில பட்டையைக் கட்டிப் பாத்தப்போதான் தெரிஞ்சுது. அதுவரை தலை சுத்தினா ‘பித்தம்’னு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு இருந்தோம்.

மாத்திரை வந்துடுச்சு, சரி. ஆனா சமையல் மாறணுமே. இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை தூரத்து நாட்டுலேருந்து வந்தது. ஒரு பயிற்சியில கேட்டேன்.

பின்லாந்துல வட கரேலியான்னு ஒரு மாகாணம். காடும் மாட்டுப் பண்ணையும். ஆம்பளைங்க நாப்பது அம்பது வயசுலயே மாரடைப்புல செத்துக்கிட்டு இருந்தாங்க. 1971-ல அந்த ஊர்க்காரங்களே கையெழுத்துப் போட்டு அரசாங்கத்துக்கு மனு கொடுத்தாங்க. 1972-ல வேலை ஆரம்பமாச்சு. பொறுப்பு ஏத்துக்கிட்ட டாக்டர் பெக்கா புஸ்காவுக்கு அப்போ முப்பது வயசுகூட ஆகல. அவங்க சாப்பாட்டுல எல்லாத்திலயும் வெண்ணெயும் கொழுப்பும் உப்பும்தான், காய்கறி மாட்டுத் தீவனம்னு ஆம்பளைங்க கேலி பேசுவாங்களாம். (நம்ம வீட்டுல கீரை வெச்சா மூஞ்சி சுளிக்கிறவங்களுக்கு அங்கயும் சொந்தக்காரங்க இருக்காங்க பாருங்க!) டாக்டர் சொல்லி மட்டும் மாறல. 1899-லேருந்தே அங்க ‘மார்த்தா’ன்னு இல்லத்தரசிகள் சங்கம் இருக்கு. அந்தப் பெண்கள் ஊர் ஊரா ‘நீண்ட ஆயுள் விருந்து’ வெச்சாங்க. புதுச் சாப்பாடு எதையும் திணிக்கல. அவங்க வழக்கமா செய்யற கறிக் குழம்பையே கொழுப்பையும் உப்பையும் குறைச்சு, கிழங்கும் கேரட்டும் கூட்டிச் சமைச்சுப் போட்டாங்க. சாப்பிட்டவங்க வீட்டுக்குப் போய் அப்படியே செஞ்சாங்க. சுமார் நாப்பது வருஷத்துல அந்த மாகாணத்துல வேலை செய்யற வயசு ஆம்பளைங்களோட மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. மறுபடியும் படிங்க, நாப்பது வருஷம். ஒரு மாசத்துல இளைக்கலாம்னு விக்கிற பவுடர் டப்பா விளம்பரம் இல்ல இது.

எங்க குழுவுல இதைக் கேட்ட பிறகு பேசினோம். முதல்ல சிலர் ‘இனி தினமும் கூழுதான்’னு சொன்னாங்க. ஒரு வாரம் தாண்டல, பிள்ளைங்க தட்டைத் தள்ளி வெச்சுதுங்க. அப்புறம் ஒரு அக்கா சொன்ன யோசனைதான் நின்னுது. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. அதையும் எல்லா வீடும் சேந்து.

முதல்ல உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஒரு தேக்கரண்டி அவ்வளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்குல வரணும். நாங்க உப்பு பாக்கெட் பிரிச்ச தேதியை அட்டையில எழுதி வெச்சோம். எத்தனை நாள் வருதுன்னு கூட்டத்துல சொல்லணும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு எண்ணெய்க்கும் அதே மாதிரி. அதுக்கும் பிறகுதான் தானியம். வாரத்துல ரெண்டு ராத்திரி கம்பு அடை, இல்லன்னா கேழ்வரகு ரொட்டி முருங்கைக் கீரையோட. கேழ்வரகும் மாவுச்சத்துதான், சுகர் உள்ளவங்க அளவாத்தான் சாப்பிடணும். நல்லதுன்னு ரெண்டு சொம்பு கூழு குடிக்கக் கூடாது.

நடைதான் ரொம்பத் தகராறு ஆச்சு. வயல் வேலையும் நூறு நாள் வேலையும் செய்யறவளுக்கு நடை எதுக்குன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், அந்த வேலை இருக்கிற நாள்ல உடம்பு ஓடிடுது. இல்லாத மாசங்கள்லதான் உக்காந்தே இருக்கோம். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தா போதும்னு கணக்கு. முதல்ல பத்து நிமிஷம்தான், கோட்டைச் சாலையில நாலு பேரா. நைட்டியில போறதா, புடவையிலயான்னு ஒரு வாரம் பேச்சு. தனியா ஒருத்தி வேகமா நடந்தா ‘எங்கம்மா போற?’ன்னு பத்து பேர் கேப்பாங்க. பன்னெண்டு பேர் போனா யாரும் கேக்கறதில்லை. 1991, 92-ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்களே, கேலியைத் தாண்டினது இந்தக் கூட்டத்தாலதான்.

இப்போ அரை மணி நேரம் நடக்கிறோம். அறுபது தாண்டின ரெண்டு பேர் இந்தச் சித்திரையில கமலக்கண்ணியம்மன் கோயில் வரைக்கும் படியேறிட்டு வந்தாங்க. எங்க அத்தை மாத்திரையை விடல, விடவும் கூடாது. டாக்டர் சொல்லாம யாரும் நிறுத்தாதீங்க.

தீர்மானப் புத்தகத்துல சேமிப்பு, கடன் பத்திகளுக்குப் பக்கத்துல ஸ்கேல் வெச்சு இன்னொரு கோடு போட்டிருக்கோம். அந்த வாரம் எத்தனை நாள் நடந்தோம்னு அதுல எழுதறோம். போன மாசம் அதிகமா எழுதினது எங்க குழுவுல மூத்தவங்க, வயசு 67. அவங்க கையெழுத்து போடக் கத்துக்கிட்டதும் இதே புத்தகத்துலதான்.