எம் கே செமிகோலன்

2011-ல் நான் பட்டப்படிப்பில் இருந்தபோது எங்கள் தமிழ் வகுப்பில் ஓர் அண்ணன் இருந்தார். கிள்ளான்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒருநாள் கேன்டீனில் தன் இயர்போனின் ஒரு முனையை என் காதில் வைத்து, "கேளு, நம்ம விரிவுரைக் குறிப்பு" என்றார். எழுத்து எழுத்தாக ஓடவிட்டார். உலோகக் குரல் ஒன்று "எம், கே, செமிகோலன், கே, எச்" என்றது.

"என்னாண்ணே இது?"

"அம்மா. ஒனக்குக் கண்ணுல தெரியறது 'அம்மா'. கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்."

பாமினி எழுத்துருவில் தட்டியவர்களுக்கு இது உடனே புரியும். எம் விசையில் 'அ', கே-யில் 'ம', செமிகோலனில் புள்ளி, எச்-சில் துணைக்கால். கோப்புக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கும், அவ்வளவுதான். கண்ணுள்ளவருக்கு முகமூடியே போதும். ஸ்க்ரீன் ரீடர் முகத்தைப் பார்ப்பதில்லை, அடியில் இருப்பதை வாசிக்கிறது. நான் மூன்று ஆண்டுகள் தமிழ் என்று நம்பிப் படித்த குறிப்புகள் அவருக்கு ஒரு நாளும் தமிழாக இருந்ததில்லை.

தமிழ்க் கணிமையின் வரலாற்றில் மலேசியாவுக்குப் பெரிய இடம் உண்டு. முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே கோலாலம்பூரில் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது. 2013-ல் மறுபடியும், இந்த முறை மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே. 1966-ல் தனிநாயகம் அடிகளின் முயற்சியில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த அதே பல்கலைக்கழகம். நாம் பெருமையாகச் சொல்லும் வரலாறு இது, சொல்லலாம்தான். ஆனால் நாம் சொல்கிற விதத்தில் அது எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் என்று கண்ணுக்கும் விரலுக்குமான கதையாகவே இருக்கிறது. காதால் படிக்கிறவர் இதில் எங்கே வருகிறார் என்று தேடினேன்.

அவர் வரும் இடம் பிரிக்பீல்ட்ஸ்.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-ல் தொடங்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் அதன் பயிற்சி மையம், நூலகம், ப்ரெயில் அச்சகம் எல்லாம் சேர்ந்து அந்த வட்டாரத்தின் முகத்தையே மாற்றின. 2010-ல் 'லிட்டில் இந்தியா' என்று வளைவு கட்டித் திறப்பு விழா நடந்தபோது நாம் பூக்கடையையும் புடவைக் கடையையும் பார்த்தோம். நடைபாதையில் ஓடும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களைக் கவனித்தவர்கள் குறைவு. வெள்ளைக்கோலோடு நடப்பவர்களும், பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகளும் வளைவுக்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே இருந்தவை. அண்ணன் சனிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி அந்த நூலகத்துக்கு நடந்தே போவார். நானும் கூடப் போயிருக்கிறேன். என்னைவிட வேகமாக நடப்பார்.

அதே 1951-ல், யுனெஸ்கோவின் முயற்சியில், இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி ப்ரெயில் முடிவானது. தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் ஒரே புள்ளிகள், ஒலிதான் அடிப்படை. எனக்கு இதில் பிடித்த விஷயம் கொம்பு. 'கெ' என்று கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் ககரத்துக்கு வருகிறோம். பழைய எழுத்துருக்களும் தஸ்கி குறியேற்றமும் அப்படியே கொம்பை முன்னால் சேமித்தன. ப்ரெயில் அப்படிச் செய்யவில்லை. முதலில் 'க', பிறகு 'எ', வாய் சொல்லும் வரிசையில். 1991-ல் வந்த யூனிகோடும் அதே வரிசையைத்தான் எடுத்தது. விரல் நுனியில் படித்தவர்கள் அந்த இடத்துக்கு 40 ஆண்டுகள் முன்பே வந்துவிட்டிருந்தார்கள்.

யூனிகோடில் தமிழுக்கு அநீதி, 247 எழுத்துக்கும் இடம் தரவில்லை என்று நம் ஆட்கள் போட்ட சண்டை சின்னதல்ல. 2010-ல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடோடு டேஸ்16 என்ற மாற்றையும் ஏற்றது அந்தச் சண்டையின் தொடர்ச்சி. வாதத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இன்னொரு குறியேற்றம் என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, எந்தக் குரல் மென்பொருள் எதைப் படிப்பது? இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ போன்ற ஸ்க்ரீன் ரீடருக்குத் தெரிந்த தமிழ் யூனிகோடு தமிழ்தான்.

சட்டம் இருக்கிறது. மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-ல் நடைமுறைக்கு வந்தது. 28ஆம் பிரிவு கல்வியை, 30ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தைப் பேசுகிறது. மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் வைக்கவில்லை. புத்தகங்களை அணுகத்தக்க வடிவில் பகிர வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கை 2013-ல் உருவானது. இந்தியா 2014-லேயே முதல் நாடாக ஏற்றது, மலேசியா 2022-ல் சேர்ந்தது. அண்ணன் அதற்கு வெகு முன்பே படிப்பை முடித்திருந்தார்.

எங்கள் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம், கட்டடங்களில் சாய்தளம் போட்டது, மின்தூக்கியில் ப்ரெயில் ஒட்டியது. பாடங்கள் மட்டும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்-ஆக வந்துகொண்டிருந்தன. அதைத் திறந்தால் 'வெற்று ஆவணம்' என்பதோடு குரல் நின்றுவிடும். மலாயில், ஆங்கிலத்தில் உள்ள பாடங்களுக்காவது எழுத்துணரி உதவியது. பழைய மலாயாத் தமிழ் அச்சுகளில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும், 'றா', 'ணா' சுழித்துக் கிடக்கும். அவற்றை அன்றைக்கு எங்களிடம் இருந்த எந்த மென்பொருளும் அடையாளம் காணவில்லை. மலாயும் ஆங்கிலமும் அவர் ப்ரெயிலில் படித்தவை. தமிழ் அவருக்குப் பாட்டி சொன்ன கதையும் வானொலியும்தான். "எல்லா மொழியையும் படிக்கிறேன், தாய்மொழியை மட்டும் யாராவது படிச்சுக் காட்டணும்" என்றார் ஒருமுறை. குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

கடைசி பருவத்தில் ஒரு மலேசியச் சிறுகதைத் தொகுப்பு பாடமாக இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து அதை யூனிகோடில் தட்டினேன். தலைப்பைக் கறுப்பாக்கினால் போதாது, 'தலைப்பு' என்ற பாணியைக் கொடுத்தால்தான் கதைக்குக் கதை தாவ முடியும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கோப்பை அனுப்பிய மறுநாள் காலை ஆறரைக்குப் போன் வந்தது.

"தம்பி, மூணாவது கதையில 'வலி தெரியாமல் நின்றான்'னு இருக்கு. அடி வாங்குனவன் மாதிரி தெரியல. 'வழி'யா அது?"

புத்தகத்தைப் புரட்டினேன். வழிதான்.

"அப்புறம் அஞ்சாவதுல ஒரு 'பள்ளி' இருக்கு. சுவத்துல ஓடுது. அதையும் பாத்திரு."