வெரிகோசீல் இருந்தால் குழந்தை பிறக்காதா? விந்தணுவின் மரபணுக்களில் என்ன நடக்கிறது?

திருமணமாகி ஒரு வருடம் கடந்தும் குழந்தை இல்லையென்றால், முதலில் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் மனைவிதான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அவர் மாதக்கணக்கில் அலைந்த பிறகே, கணவரிடம் 'நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க' என்ற பேச்சு வருகிறது. அந்த டெஸ்ட்டில் அடிக்கடி சிக்கும் பிரச்னை, வெரிகோசீல். அறுவை சிகிச்சையால் சரிசெய்ய வாய்ப்புள்ள ஆண் மலட்டுத்தன்மைக் காரணங்களில் இதற்குத்தான் முதலிடம்.

வெரிகோசீல் என்றால் என்ன?

காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதேதான் விரைப்பைக்குள்ளும் நடக்கிறது. நரம்பு என்று சொன்னாலும் அது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அதன் வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கி, குழாய் வீங்கிவிடும்.

ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. குழந்தையின்மைக்காக சிகிச்சைக்கு வரும் ஆண்களில் 35 முதல் 40 சதவீதம் பேருக்கு இருக்கிறது. வருவது பெரும்பாலும் இடது பக்கம். வலது விரையின் சிரை, உடலின் பெரிய சிரையில் சாய்வாகச் சேர்கிறது. இடது சிரையோ இன்னும் மேலே ஏறி, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. வலது பக்கம் மட்டும் திடீரென வீங்கினால், வயிற்றுக்குள் கட்டி ஏதாவது அழுத்துகிறதா என்று டாக்டர் பார்ப்பது இதனால்தான்.

மரபணுவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

விந்தணு உருவாக, உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி வரை குளிர்ச்சி தேவை. விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவதே அதற்காகத்தான். ரத்தம் தேங்கினால் அங்கே சூடு ஏறுகிறது, ஆக்சிஜன் குறைகிறது, செல்களை அரிக்கும் வேதிப்பொருட்கள் பெருகுகின்றன. இதனால் மரபணுவே மாறிப்போவதில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற அளவுதான் குழம்புகிறது. இதைத்தான் 'மரபணு வெளிப்பாடு' என்கிறார்கள். சமையல் குறிப்பு அப்படியே இருக்கிறது, சமைக்கிற அளவு தப்பிப்போகிறது, அவ்வளவுதான்.

ஆய்வாளர்கள் அதிகம் கவனித்தது 'ஹெச்எஸ்பிஏ2' என்ற மரபணுவை. விந்தணு வளரும்போது புரதங்களைச் சரியான வடிவத்தில் வைத்திருக்க உதவும் காவலாளி இது. 1996-ல் வெளியான ஆய்வில், எலிகளில் இதற்கு இணையான மரபணுவை நீக்கியபோது ஆண் எலிகள் மலடாகின. பெண் எலிகளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. வெரிகோசீல் உள்ள ஆண்களின் விந்தணுக்களில் இந்த மரபணுவின் வெளிப்பாடு குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

இன்னொன்று 'புரோட்டமைன்'. விந்தணுவின் தலைக்குள் டிஎன்ஏ-வை இறுக்கிக் கட்டி வைக்கும் புரதம் இது. இதன் விகிதம் குலைந்தால் கட்டு தளர்ந்து, டிஎன்ஏ எளிதில் உடைகிறது.

ரிப்போர்ட் நார்மல்னா கவலை இல்லையா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி, ஒரு மில்லி விந்துவில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்பது கீழ் எல்லை. எண்ணிக்கை இதைத் தாண்டியிருந்தாலும், உள்ளே டிஎன்ஏ உடைந்திருக்கலாம். வழக்கமான விந்து பரிசோதனையில் அது தெரியாது. தனி டெஸ்ட் உண்டு. மரபணு வெளிப்பாட்டு ஆய்வுகளோ இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான் உள்ளன. 'ஜீன் டெஸ்ட் எடுத்தால்தான் சிகிச்சை' என்று யாராவது சொன்னால் யோசிக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா?

தேவையில்லை. வெரிகோசீல் உள்ள ஆண்கள் பலர் இயல்பாகவே அப்பா ஆகிறார்கள். கையால் தொட்டு உணரும் அளவு வீக்கம், விந்து பரிசோதனையில் குறை, குழந்தையின்மை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பொதுவாக சர்ஜரி பரிந்துரைக்கப்படும். ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறிய வீக்கத்துக்கு அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைப்பதில்லை. மனைவியின் வயதும் முடிவில் முக்கியம்.

சர்ஜரிக்குப் பின் பலருக்கு எண்ணிக்கையும் வேகமும் கூடுகின்றன, டிஎன்ஏ உடைவும் குறைகிறது. ஆனால் அடுத்த மாதமே ரிசல்ட் எதிர்பார்க்க முடியாது. ஒரு விந்தணு உருவாகவே 70 நாட்களுக்கு மேல் ஆகும் என்பதால், அடுத்த பரிசோதனை குறைந்தது 3 மாதம் கழித்துத்தான்.